மாஸ்டர் பதில்கள்: ஜனவரியில் சேர்ந்து மார்ச்சில் நிற்பவர்கள்

வேலூரில் 1997 முதல் உடற்பயிற்சிக்கூடம் நடத்திவருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஊர் மட்டும்தான் வேறு வேறு. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வருடமாக ஒவ்வொரு ஜனவரியும் ஜிம்மில் சேர்கிறேன். வருடச் சந்தா கட்டுகிறேன். மார்ச் வந்தால் நின்றுவிடுகிறேன். வயது 34, வங்கி வேலை. எனக்கு மனஉறுதி இல்லையா மாஸ்டர்? விடாமல் போவதற்கு என்ன வழி?
எஸ்.கே., திருச்சி

உறுதி இல்லை என்று யார் சொன்னது? மூன்று வருடம் தொடர்ந்து பணம் கட்டியிருக்கிறீர்களே, அதற்கே ஒரு உறுதி வேண்டும்.

வங்கிக்காரருக்கு மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்கு முடிக்கிற மாதம். இரவு 9 மணிக்கு வீடு வந்து சேருகிறவர் அதற்கப்புறம் ஷூ மாட்டிக்கொண்டு ஜிம்முக்குக் கிளம்புவாரா? ஜனவரி முதல் தேதி நீங்கள் போட்ட திட்டத்தில் மார்ச் மாதமே இல்லை. கோளாறு அங்கேதான். வாரம் 6 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றுதானே ஆரம்பித்திருப்பீர்கள்?

எங்கள் தொழிலின் உள்விஷயம் ஒன்று சொல்கிறேன், சக ஜிம்காரர்கள் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். ஜனவரியில் வருடச் சந்தா கட்டிய அத்தனை பேரும் தினமும் வந்தால் எந்த ஜிம்மிலும் நிற்க இடம் இருக்காது. வராதவர் கட்டிய பணத்தில்தான் ஏசி ஓடுகிறது. இந்த முறை மாதச் சந்தா கட்டுங்கள். கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும். மூன்று மாதம் விடாமல் போய்விட்டு அப்புறம் வருடத்துக்குக் கட்டலாம்.

திட்டத்தையும் மார்ச் மாதத்தை மனதில் வைத்தே போடுங்கள். வேலை கழுத்தை நெரிக்கிற வாரத்தில் எத்தனை நாள் போக முடியும்? இரண்டு நாள், அரை மணி நேரம்? சரி, அதுதான் உங்கள் அளவு. மற்ற மாதங்களில் மூன்று நாள், முக்கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையே பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வேலை, அதோடு 150 முதல் 300 நிமிடம் வேக நடை மாதிரியான மிதமான உழைப்பு என்றுதான் சொல்கிறது. அந்த 150இல் பாதியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வங்கியைச் சுற்றி நடந்தே தேற்றிவிடலாம்.

அந்த மூன்று நாளில் என்ன செய்வது? 'திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர்' என்று உடம்பைக் கூறு போட்டுச் செய்கிற அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். அது போட்டிக்குப் போகிறவர்களுக்கு. நீங்கள் ஒரு நாள் போகாவிட்டால் ஒரு அங்கம் வாரம் முழுக்கப் பட்டினி கிடக்கும். போகிற ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் வேலை கொடுங்கள். உட்கார்ந்து எழுவது ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, சுமந்து நடப்பது ஒன்று. நான்கு போதும்.

என் கூடத்தில் முதல் நாள் வருபவரை, எடை மாட்டித் தூக்குகிற அந்த இரும்பு ராடைத் தொட விடமாட்டேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப் பெஞ்சு வைத்திருக்கிறேன், மூடிவிட்ட ஒரு டீக்கடையில் வாங்கியது. அதன் முன்னால் நிற்கவைத்து, "உக்காருங்க, எழுந்திருங்க" என்பேன். அவ்வளவுதான். உட்காரும்போது தொப்பென்று விழுகிறாரா, எழும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்கிறதா, குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறதா? இந்த மூன்றையும் பார்த்தால் அவருக்கு அடுத்து என்ன கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். பிட்டம் பெஞ்சைத் தொட்டதும் எழ வேண்டும், உட்கார்ந்து இளைப்பாறக் கூடாது. பத்து கவுண்ட் சுத்தமாக வந்தால் 5 கிலோ டம்பெல் ஒன்றை, குழந்தையைத் தூக்கிவைத்திருப்பது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னொரு பத்து. அன்றைக்குக் காலுக்கு அது போதும்.

தள்ளுவதற்குத் தண்டால். தரையில் வரவில்லை என்றால் பெஞ்சில் கை ஊன்றி, அதுவும் வரவில்லை என்றால் சுவரில். வெட்கப்பட ஒன்றுமில்லை. இழுப்பதற்கு லாட் புல்டவுன், அதாவது தலைக்கு மேல் தொங்கும் கம்பியை உட்கார்ந்தபடி கீழே இழுக்கிற மெஷின். கம்பி நெஞ்சுக்கு முன்னால் வர வேண்டும். கழுத்துக்குப் பின்னால் இழுக்கிற பழைய பழக்கம் தோளுக்கு ஆகாது. கடைசியாகக் கைக்கு ஒரு டம்பெல், நிமிர்ந்த முதுகோடு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடை. மார்க்கெட் பை தூக்குகிற அதே வேலைதான். ஒவ்வொன்றும் 10 அல்லது 12 கவுண்ட் ஒரு செட், அப்படி 2 செட். மூன்றாவது வாரத்திலிருந்து 3 செட். ஆரம்பிப்பதற்கு முன் 5 நிமிடம் நடந்து, கை கால்களைச் சுழற்றி, உடம்பில் லேசாக ஈரம் கசிந்த பிறகு தொடுங்கள்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போன் வேண்டாம், போனை எடுத்தால் எடை மறந்துபோகும். தேதி, என்ன செய்தீர்கள், எத்தனை கிலோ, எத்தனை கவுண்ட். 12 கவுண்ட் சிரமமில்லாமல் இரண்டு தடவை தொடர்ந்து வந்தால் அடுத்த தடவை இருப்பதிலேயே சின்ன பிளேட்டைக் கூட்டுங்கள். பக்கத்தில் இருப்பவன் எத்தனை போடுகிறான் என்று பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு செட்டிலும் கடைசி இரண்டு கவுண்ட் கையிருப்பில் இருக்கட்டும். இதைச் சொன்னால் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். எங்கள் வேலூர் சத்துவாச்சாரிப் பிள்ளை, பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பற்றி அவர்களிடம் சொல்வேன். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். 2018இல் கோல்ட்கோஸ்ட்டுக்குத் தொடைக் காயத்தோடு போனார். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குகிற ஸ்னாச்சில் 144, தோளில் நிறுத்தித் தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173, மொத்தம் 317. மறுபடி தங்கம். அது உறுதியானதும் பாக்கியிருந்த கடைசி முயற்சியை எடுக்கவே இல்லை. "ஒரு தடவை பார்த்திருக்கலாமே" என்று எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். எதற்குப் பார்க்க வேண்டும்? நாட்டுக்காகத் தூக்குகிறவரே தேவையில்லாத ஒரு தூக்கை விட்டுவிட்டார். வாடிக்கையாளர்களிடம் பேசி அலுத்துப்போய் வருகிற உங்களுக்கு ஏன் அந்த வீம்பு?

டாக்டர் எனக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது, எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள் என்கிறார். வயது 47. ஜிம்மில் என்னை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். எடை தூக்கினால் உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். பயிற்சியாளர்கள் எல்லாரும் ஆண்கள், கூச்சமாகவும் இருக்கிறது.
பெயர் வேண்டாம், தாம்பரம்

மாமியாரிடம் நான் கேட்டதாக ஒரு கேள்வி கேளுங்கள் அம்மா. அவர் காலத்தில் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று தண்ணீர் சுமந்திருப்பார். குடத்தில் 15 லிட்டர் பிடித்தால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. பித்தளையின் கனம் தனி. தினமும் அத்தனை நடை சுமந்தவர் ஆம்பிளையாகிவிட்டாரா என்ன? ஆண்களுக்குத் தசை திரள்வதற்கு முக்கியக் காரணம் டெஸ்டோஸ்டிரோன். பெண்களுக்கு அது மிகக் குறைவாகவே சுரக்கிறது. உங்களுக்கு வரப்போவது பலம்தான், பருமன் இல்லை.

டாக்டர் சொல்வதுதான் சரி. மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய எலும்பு வேகமாகத் தேயும். எலும்பு தன்மேல் பாரம் விழுந்தால்தான் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். டிரெட்மில் நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் கை, முதுகு எலும்புகளுக்கு அதனால் பெரிய வேலை கிடையாது. அந்த ஸ்கேன் அறிக்கையைப் பயிற்சியாளரிடம் காட்டி, "எனக்கு இது இருக்கு, முதுகை வளைச்சுக் குனியற பயிற்சியும், எடையோட இடுப்பைத் திருகற பயிற்சியும் வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எலும்பு மெலிந்தவர்களுக்கு அவை இரண்டும்தான் ஆபத்து. எட்டி எட்டிப் பார்க்கிற சிட்-அப்ஸும் இதில் சேர்த்தி.

கூச்சம் பற்றி: தொடாமல் சொல்லிக்கொடுக்க முடியும். முடியாது என்கிறவருக்குத் தொழில் தெரியவில்லை. என் கூடத்தில் நாலடி நீளத்தில் ஒரு பிரம்பு இருக்கிறது. அதை அந்தப் பெண்ணே தன் முதுகோடு நெடுக வைத்துப் பிடித்துக்கொள்வார், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். பிரம்பு பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, முதுகடி என்று மூன்று இடத்தில் படும். அப்படியே பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலை லேசாக மடக்கிக் குனியச் சொல்வேன், கையில் சாமான் இருக்கும்போது காரின் கதவைப் பின்பக்கத்தால் சாத்துவோமே, அப்படி. மூன்றில் எந்த இடத்தில் பிரம்பு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிடும். நான் நாலடி தள்ளி நின்று பார்த்தால் போதும். இதை வீட்டில் துடைப்பக் கட்டையை வைத்தே பழகலாம். இது கைவந்த பிறகுதான் தரையிலிருந்து எதையும் தூக்க வேண்டும், சிலிண்டரானாலும் சரி.

துப்பட்டாவோடு டிரெட்மில்லில் ஏறாதீர்கள். பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் நுனி சிக்கினால் இழுத்துக்கொண்டு போகும், எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. டிரெட்மில்லில் சிவப்புக் கயிறு ஒன்று கிளிப்போடு தொங்கும், பெரும்பாலான ஜிம்களில் அதை யாரும் தொடுவதே இல்லை. அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள், தடுமாறினால் மெஷின் நின்றுவிடும். தாலிச்சரட்டை உடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையலைக் கழற்றிவிடுங்கள்.

வயது 61. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் தன்னோடு ஜிம்முக்கு வரச் சொல்கிறான். ஜிம்மில் மாரடைப்பு என்று பேப்பரில் படிக்கும்போது பயமாக இருக்கிறது. போகலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

போகலாம் ஐயா, டாக்டரைப் பார்த்துவிட்டு. "நடக்கலாமா" என்று கேட்காதீர்கள், "எடை தூக்கலாமா" என்றே கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வேறாக இருக்கலாம்.

உங்கள் பயம் புரிகிறது. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, உடற்பயிற்சி செய்துவிட்டு வந்த காலையில், 46 வயதில் இறந்தார். அந்த வாரம் என் கூடத்தில் காலை பேட்சில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே செய்தார்கள். நான் அவர்களிடம் சொன்னது இதுதான்: ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறவருக்கு நாள்போக்கில் மாரடைப்பு அபாயம் குறையும். பழக்கமில்லாத உடம்பு திடீரென்று தன் எல்லைக்கு உழைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அபாயமானது. ஆகவே 61 வயதில் சேருகிறவருக்கு முதல் இரண்டு மாதம் 'இது போதுமா' என்று சந்தேகம் வருகிற அளவுக்கு லேசாகத்தான் இருக்க வேண்டும். மகன் பக்கத்தில் நின்று "இன்னும் ஒண்ணுப்பா" என்பான். அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

மூச்சை அடக்காதீர்கள். பாரத்தைத் தள்ளும்போது மூச்சு வெளியே, இறக்கும்போது உள்ளே. மூச்சைப் பிடித்து முக்கினால் ரத்த அழுத்தம் அந்த நொடியில் ஜிவ்வென்று ஏறும். குழம்பினால் வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது, பாடம் நடத்திய உங்களுக்கு எண்ணுவது கஷ்டமா? அளவும் பேச்சை வைத்துத்தான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். நாடித்துடிப்பைக் கடிகாரத்தில் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். அழுத்தத்துக்குக் கொடுக்கிற மெட்டோப்ரோலால், அட்டினோலால் வகை மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது, எண் உங்களை ஏமாற்றிவிடும். என் கூடத்தில் அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று மேஜையிலேயே இருக்கிறது. 180க்கு 110ஐத் தாண்டினால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, நேரே டாக்டரிடம்.

சர்க்கரைக்கு: இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் என்றால், போவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை ஒரு பொட்டலம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சில சமயம் பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் இறங்கும், அதனால் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வெறுங்காலோடு ஜிம்முக்குள் நடக்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நெஞ்சில் அழுத்தம், அது தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் 'வாயு' என்று சோடா தேடாமல் 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சேருமுன் அந்த ஜிம்மில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்க யாராவது மயங்கி விழுந்து மூச்சு நின்னுட்டா, நெஞ்சை அழுத்த யாருக்குத் தெரியும்?" நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்றால், ஏசி எவ்வளவு குளிர்ந்தாலும் அங்கே சேர வேண்டாம்.

மாஸ்டர், எனக்கு வயது 19, எடை 60 கிலோ. பெஞ்ச் பிரஸ் 80 போடுகிறேன். உடம்பு ஏறவில்லை. எங்கள் ஜிம் அண்ணன் புரோட்டீன் பவுடரும் பிரீ-ஒர்க்கவுட்டும் வாங்கச் சொல்கிறார். ஊசி போட்டால் மூன்றே மாதம் என்கிறார். என்ன செய்யட்டும்?
கல்லூரி மாணவன், மதுரை

தம்பி, ஊசி என்று அந்த அண்ணன் சொன்ன அன்றைக்கே நீ அந்த ஜிம்மை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோனை ஏற்றினால் உன் உடம்பு தானே சுரப்பதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயத் தசை தடிக்கும். 19 வயதில் உன் உடம்பு சும்மா சுரந்து கொடுப்பதை 50 வயதுக்காரன் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அதைப் போய் நீயே மூடப் பார்க்கிறாயே.

பவுடர் விஷமில்லை. வே என்பது பாலில் இருந்து எடுப்பதுதான், ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் அளவுக்குப் புரதம். வாங்க வசதியிருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எப்எஸ்எஸ்ஏஐ எண் பார்த்து, பில்லோடு வாங்கு. ஆனால் தேவையா என்று முதலில் கணக்குப் போடு. தூக்குகிற பையனுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். உனக்கு 96 கிராம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, எலும்பில்லாத வெந்த கோழி 100 கிராமில் 27க்குக் குறையாது, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 9 அல்லது 10. இதுவே 70. மூன்று வேளை இட்லி, சோறு, சாம்பார், தயிரில் மிச்சம் வந்துவிடும். ஹாஸ்டலில் இருக்கிறாய் என்றால் சொல், அது வேறு கதை. பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கிற பிரீ-ஒர்க்கவுட்டில் ஒரு ஸ்கூப்புக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் காபீன் இருப்பது சாதாரணம். மாலை 7 மணிக்கு அதைக் குடித்துவிட்டு இரவு 2 மணி வரை கூரையைப் பார்த்துக் கிடந்தால் உடம்பு எப்போது ஏறும்? தூங்கும்போதுதானே.

உன் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு. 60 கிலோ ஆள் பெஞ்சில் படுத்து 80 கிலோவை நெஞ்சுக்கு மேல் தள்ளுவது நல்ல பலம். முடியாமல் போனால் ராடைப் பிடிக்கத் தலைமாட்டில் நின்று யார் ஸ்பாட் கொடுக்கிறார்கள் என்று நீ எழுதவே இல்லை. 1995இல் நான் வேலை பார்த்த கூடத்தில், இரவு 10 மணிக்கு, எல்லாரும் போன பிறகு நான் தனியாக 70 போட்டேன். எட்டாவது கவுண்டில் ராடு நெஞ்சில் இறங்கி அப்படியே உட்கார்ந்துகொண்டது. கத்தினால் கேட்க ஆளில்லை. கத்த மூச்சும் இல்லை. பிளேட் கழலாமல் இருக்கப் போடுகிற காலரை இறுக்கிப் பூட்டியிருந்ததால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை உதிர்க்கவும் வழியில்லை. கடைசியில் ராடை நெஞ்சிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து தொடை என்று உருட்டி உருட்டி எழுந்தேன். மார்பின் குறுக்கே கருநீலத்தில் ஒரு கோடு, இரண்டு வாரம் இருந்தது. அம்மாவிடம் கொசு கடித்தது என்று சொன்னேன். இவ்வளவு பெரிய கொசுவா என்று அவர் கேட்கவில்லை, பார்வையிலேயே கேட்டுவிட்டார்.

தனியாக என்றால் பெஞ்ச் போடாதே, டம்பெல் போடு. முடியாமல் போனால் இரண்டு பக்கமும் கீழே போட்டுவிடலாம். ராடுதான் வேண்டும் என்றால் பக்கக் கம்பிகள் உள்ள ரேக்கில், அவற்றை நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் போடு. கட்டைவிரல் ராடைச் சுற்றியிருக்கட்டும். மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடித்தால் ராடு வழுக்கிக் கழுத்தில் விழும்.

லெக் டே முடிந்து மூன்றாவது நாளும் மாடிப்படி இறங்க முடியவில்லை. தொடர்ந்து செய்யலாமா?
ஆர்.எம்., கோவை

பழகாத வேலை செய்த தசை ஒரு நாள் கழித்துத்தான் வலிக்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து தானே இறங்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், இல்லையா? அந்த வலிக்கு லேசான நடைதான் மருந்து. ஆனால் ஒன்று. வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, தொடை வீங்கினாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, என் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து, முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்கிறவர்களுக்கு வரும்.

வயிறு மட்டும் குறைய என்ன பயிற்சி?
பலர்

அப்படி ஒன்று கிடையாது. அடுத்தது.

காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?
ஜே., நாகர்கோவில்

கூடாது. காய்ச்சல் விட்டு, சாப்பாடு பழையபடி இறங்கி, படியேறினால் நெஞ்சு படபடக்காத நிலை வந்த பிறகு, பழைய எடையில் பாதியோடு ஆரம்பியுங்கள். டெங்கு என்றால் தட்டணுக்கள் பழைய நிலைக்கு வந்ததை டாக்டர் சொன்ன பிறகுதான். நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், பழைய பக்கத்தைப் பார்த்தால் வீம்பு வரும்.

எல்லாருக்கும் அறிவுரை சொல்கிறீர்களே, நீங்கள் இப்போது எத்தனை கிலோ தூக்குகிறீர்கள்?
குறும்புக்கார வாசகர், ராணிப்பேட்டை

பக்கத்து ஊர்க்காரர் அல்லவா, நேரில் வந்து பார்த்திருக்கலாமே. எனக்கு 56 வயது. ராடைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்ட் 70 கிலோ, 5 கவுண்ட். அதற்கு மேல் போவதில்லை.

ஒரு காலத்தில் அதைப்போல இரண்டு மடங்கு போட்டவன்தான். 1992 பொங்கலுக்கு, அப்போது எனக்கு 23, திருநெல்வேலிப் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தேன். கோயில் முன்னால் இளவட்டக்கல் கிடந்தது. வழுவழுவென்று உருண்டைக் கல், பிடிக்கக் காது கிடையாது. குத்த வைத்து உட்கார்ந்து, இரு கையாலும் கட்டி, முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் எறிய வேண்டும். கூடவே வளர்ந்த மாமா, "கை தூக்கக் கூடாதுலே, கால் தூக்கணும்" என்றார். வேலூரில் ராடு தூக்குகிறவனுக்கு இவர் சொல்வதா? வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, கைகால் உதறாமல்கூட, மச்சான்கள் பார்க்கிறார்களே என்று குனிந்தேன். முழங்கால் வரை வந்தது. அங்கிருந்து நெஞ்சுக்கு இழுக்கும்போது இடுப்புக்கு மேலே நனைந்த துணி கிழிகிற மாதிரி ஒன்று. கல்லை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. மூன்று வாரம் பாயில் கிடந்தேன். அந்த வருடம் போகவேண்டிய போட்டிக்குப் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை.

போன பொங்கலுக்கு அந்த ஊருக்குப் போயிருந்தேன். மாமா இல்லை. கல் கோயிலுக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடிக்கு மாறியிருக்கிறது, பாதி மண்ணுக்குள். சின்னப் பையன்கள் அதன்மேல் ஏறி நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, நானும் கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.